கப்பல் நேரம்

புதன்கிழமைகளில் மஹாவாலில்
சூரியனுக்கு முன்னால் கப்பல் உதிக்கும்.
அதற்குள் நான்
ஐந்து கயாக்குகளையும் கவிழ்த்து, நண்டுகளை உதறி,
இரவில் ஒதுங்கிய பாசியைக் குப்பை குப்பையாக
வாரித் தள்ளியிருப்பேன்.

லார்ன் ஃபிரீசன் ஒன்பதரைக்கே வந்து முன்பணம் தந்தார்.
வினிபெக்கில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவராம்.
நான்காகக் கழலும் தூண்டில் கோல்
சட்டைகளின் மடிப்புக்குள் படுத்து வந்திருந்தது,
முட்கள் காலுறைக்குள்.
பையிலிருந்து ஒரு தாளை விரித்துக் காட்டினார்:
டாக்சிக்குப் பத்து நிமிடம்,
துடுப்புப் போட இரண்டு மணி நாற்பது,
குளிக்கப் பன்னிரண்டு
(வெர்னாவுக்கு மீன்வாடை ஆகாது),
திரும்ப ஏற, வரிசையும் சேர்த்து, முப்பத்தைந்து.
மீனுக்கென்று அதில் ஒரு வரி இல்லை.

பாருக்கு உள்ளே தண்ணீர்
மாவு கரைத்ததுபோல வெளுத்துக் கிடந்தது.
அவர் முன்னால், நான் பின்னால்.
இரண்டு சங்கரா கிடைத்தன, கையகலம்.
கப்பலில் பச்சை மீன் ஏற்ற விடமாட்டார்கள்,
அதனால் அவை என்னுடையவை. எப்போதும் அப்படித்தான்.
"அப்புறம் எதற்குப் பிடிக்கிறீர்கள்?" என்றேன்.
"அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள்
என்று தெரிவதற்கு" என்றார்
கோலைப் பார்த்தபடியே.

பாரின் திறப்புக்கு அருகே அது கடித்தது.
சீலாவா, பாரையா, கடைசிவரை தெரியவில்லை.
கோல் குனிந்தது. சக்கரம் கத்தியது.
எங்கள் இருவரின் எடையையும்
பிளாஸ்டிக் படகையும்
ஒரு வாய் இழுத்துக்கொண்டு போனது, வெளிக்கடலுக்கு.
அவர் சிரித்தார். ஏழு வயதுச் சிரிப்பு.
பிறகு கழுத்தில் தொங்கிய உறைக்குள்
ஃபோனைப் பார்த்தார்.
இரண்டு ஐம்பது.

கத்தி கேட்டார்,
சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதுபோல.
நான் கொடுத்தேன்.
நூல் அறுந்ததும் படகு ஒருமுறை பின்னுக்குக் குலுங்கியது;
அது என் முதுகெலும்பில்
இன்னும் இருக்கிறது.

கரைக்கு வரும்வரை பேசவில்லை அவர்.
துடுப்பு மட்டும் ஒழுங்காக விழுந்தது, இடம், வலம்,
பேருந்து நிறுத்தங்கள் போல.

வெர்னா மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.
"என்ன, இத்தனை சீக்கிரம்?"
அவள் மணிக்கட்டில் சாவி கொடுக்கும் கடிகாரம்,
எந்தக் கோபுரமும் தொட முடியாதது.
அதில் இரண்டு மணி பத்து.

கரையேறியதும் ஃபோன்கள் எங்கள் ஊர் நேரத்துக்கு மாறிவிடும்.
கப்பலோ தான் புறப்பட்ட கால்வெஸ்டனின் நேரத்தை
மாற்றாமல் வைத்துக்கொண்டு நிற்கும்.
நடுவில் ஒரு மணி நேரம்,
யாருக்கும் சொந்தமில்லாமல்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
எனக்குத் தெரியும். வாரா வாரம் பார்க்கிறேன்.
மீனின் பக்கம் நின்றேன் என்று பொய் சொல்லமாட்டேன்.
மூன்றே காலுக்கு டென்வர்க்காரர்கள் இருவர்
அதே படகுக்குக் காத்திருந்தார்கள்.
அவ்வளவுதான்.

"ஒப்துலியா" என்றார்,
என் பெயர் முதல்முறையாகச் சரியாக வந்தது.
மேலே ஒன்றும் சொல்லவில்லை.

டென்வர்க்காரர்களை வேறு படகில் ஏற்றி
தம்பியோடு அனுப்பினேன்.
சங்கராக்களைக் கீறி, எலுமிச்சை பிழிந்து,
கடைக்குப் பின்னால் பொரித்தேன்.
தட்டு இல்லை. அவர் அந்தத் தாளை நீட்டினார்.
டாக்சியும் குளியலும் வரிசையும்
எண்ணெயில் ஊறிக் கண்ணாடியாயின.
வெர்னா முள்ளை உறிஞ்சிவிட்டு
விரல்களை முகர்ந்து பார்த்தாள்,
இன்னொரு துண்டு எடுத்தாள்.

பிறகு அவர்கள்
மணலில் கிடந்த கயாக்கில் ஏறி உட்கார்ந்தார்கள்.
அவள் முன்னால், அவர் பின்னால்.
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
எங்கும் போகவில்லை.

பாருக்கு வெளியே, வாயில் அவருடைய முள்ளோடு,
அது எந்த நேரத்தில் நீந்திக்கொண்டிருந்ததோ.

அந்த ஒரு மணிக்கு நான் காசு கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.